நாரி உளைவும் வயற்சேறும்

"உள்ளே கிடக்கிற செல் துண்டுதான் குத்துகிறது, டொக்டர்" என்றார் நாரி (இடுப்பு) உளைவோடு வந்த அந்த விவசாயி. 2009 போரில் ஏறிய எறிகணை இரும்பை உடம்பில் சுமந்தபடி இன்றும் வயலில் இறங்குகிறவர்கள் இலங்கையின் வன்னியில் ஏராளம். நானும் நம்பி, நோவு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அந்தத் தவறு இன்னும் உறுத்துகிறது.

இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். இரவில் காய்ச்சல், படுத்தாலும் தணியாத உளைவு. நாரியில் ஒரு முள்ளைத் தட்டியதும் துடித்துப்போனார். இரும்பு இருந்ததால் எம்ஆர்ஐ எடுக்கத் தயங்கி, சிடி ஸ்கான் எடுத்தோம். அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளும் நடுவிலிருந்த வட்டும் அரிக்கப்பட்டிருந்தன.

முள்ளந்தண்டு அரித்தால் கசம் (காசநோய்) என்றுதான் முதலில் தோன்றும். பச்சைப்பால் குடிக்கிற மாட்டுக்காரர் என்றால் பாலால் தொற்றும் புருசெல்லாக் கிருமியையும் நினைப்போம். எதுவானாலும், ஆள் தாங்குகிற நிலையில் இருந்தால், எலும்பில் ஊசியால் மாதிரி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிய பிறகே மருந்து தொடங்கவேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்றாம் நாள் ஆய்வுகூடத்துத் தங்கை அழைத்தார். இரு முனையும் சாயமேறி, நடு வெளிறிய கோல் கிருமிகள், ஜென்டமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கு மசியவில்லை. வெளியிலிருந்து கலந்த கிருமி என்று அவர் ஒதுக்கியிருந்தால் இந்த மனிதர் இன்று இல்லை. கிருமியின் பெயர் பேர்கோல்டேரியா சூடோமல்லை; நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். இலங்கையில் 1927லேயே பதிவான நோய். சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கிற கிருமி, தோல் வெடிப்பால் உள்ளே போகும். மழைக்காலத்தில் அதிகம் தொற்றும். நீரிழிவுக்காரரை விரைவாக வீழ்த்தும்.

போர்வையை விலக்கிப் பாதங்களைப் பார்த்தேன். குதிக்கால் வெடிப்புகளில் காலபோக (மழைக்கால நெற்செய்கை) வயற்சேறு கறுப்புக் கோடுகளாக உறைந்திருந்தது. நீரிழிவு இருப்பதே அவருக்குத் தெரியாது. அன்று இரத்தச் சீனி 300ஐத் தாண்டி நின்றது.

நாளம் வழியே செஃப்டாசிடிம் 6 கிழமை, பிறகு கோட்ரைமொக்சசோல் மாத்திரை 6 மாதம். இடையில் விட்டால் நோய் திரும்பும். "அருவி வெட்டை யார் பார்ப்பது, டொக்டர்?" என்று தினமும் கேட்டார். கட்டிலைவிட்டு எழுந்து போய்விடுவாரோ என்பதே என் பெரிய பயம். கடைசியில் மைத்துனர்மார் வந்து நெல்லை வெட்டிக் கொடுத்தார்கள்.

நான்காம் மாதக் கிளினிக்குக்கு அவர் மனைவி வெறும் மாத்திரைத் தகடுகளை ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்தார். இருவரும் மேசையில் கொட்டி எண்ணினோம். ஒன்றும் தவறவில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.