தம்பியின் நோட்டு

மே 5, திங்கள்

கத்திரி நேற்றுதான் ஆரம்பித்தது, அதற்குள் காலை பதினொரு மணிக்கே தம்பிக்கு 100 டிகிரி. மாமரத்திலிருந்து விழுந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்டதிலிருந்து அவனுக்கு நெஞ்சுக்குக் கீழே வியர்ப்பதில்லை, வியர்க்காத உடம்பால் சூட்டைச் சரியாக வெளியேற்றவும் முடியாது, அதனால் வேலூர் மே மாதம் எங்கள் வீட்டில் பெரிய விஷயம். ஈரத்துண்டு போட்டு ஃபேனைத் திருப்பி வைத்ததும் அரை மணியில் இறங்கியது. இறங்காவிட்டால்தான் சிறுநீரில் கிருமியோ என்று பார்க்க வேண்டும்.

மதியம் ஃபைலைச் சரிசெய்தேன். அடையாள அட்டை, மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை ஏறும் பாஸ்புக், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே பையில், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ்.

மே 8, வியாழன்

நோட்டு எழுதுவது பாகாயம் மறுவாழ்வு மருத்துவமனையில் தம்பியோடு இருந்தபோது வந்த பழக்கம். சிறுநீர் எடுக்க நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப், படுக்கைப்புண் வராமலிருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது, குடித்த தண்ணீர், வெளியேறிய அளவு. காலையிலேயே அன்றைய நேரத்தையெல்லாம் வரிசையாக எழுதிவிடுவேன். ‘டி.8, டி.12, டி.4’, டி என்றால் டியூப். பக்கம் நிறைந்திருந்தால் எனக்கு ஒரு நிம்மதி.

மே 12, திங்கள்

நேற்று எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை. குடியாத்தத்திலிருந்து சித்தப்பா வந்தார், ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர், டியூப் போடத் தெரியும். அந்தத் தைரியத்தில் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் ஆறரைக்குத் தம்பியின் குரல் கேட்டு ஓடினேன். முகம் சிவந்து, நெற்றியிலும் கழுத்திலும் மட்டும் வியர்வை கொட்டுகிறது, கையில் மயிர்க்கூச்செறிந்து நிற்கிறது, மண்டை வெடிக்கிறது என்கிறான். பிரஷர் வழக்கமாக 100தான் இருக்கும், அப்போது 160. டாக்டர் சொல்லித்தந்தது நல்லவேளை ஞாபகம் வந்தது: இந்த மாதிரி அடிபட்டவர்களுக்குக் கீழே ஏதாவது தொந்தரவு இருந்தால், அது அவர்களுக்கே தெரியாமல், பிரஷர் இப்படி ஏறும், பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியதுதான் காரணம், விட்டால் உயிருக்கே ஆபத்து. நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, டியூப் போட்டோம். 750 மில்லி. கொஞ்ச நேரத்தில் 110க்கு வந்துவிட்டது, அதுவரை என் கை நடுக்கம் நிற்கவில்லை.

நாலு மணி டியூப் போடவே இல்லை. நோட்டில் ‘டி.4’ என்று இருந்ததைப் பார்த்து நான் போட்டுவிட்டேன் என்று சித்தப்பா நினைத்திருக்கிறார். தம்பி சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. “நாலு மணிக்கே சொன்னேண்ணா. நோட்டுல போட்டாச்சுன்னு இருக்கேடான்னுட்டார்.”

அவன் உடம்பைப் பற்றி அவன் சொன்னதைவிட என் நோட்டு பெரிதாகப் போய்விட்டது. சித்தப்பாமேல் தப்பே இல்லை. செய்ய வேண்டியதையும் செய்து முடித்ததையும் ஒரே மாதிரி எழுதியது நான்.

மே 14, புதன்

பீரோவில் கிடந்த தோல்பட்டையை எடுத்தேன். பாகாயத்தில் கொடுத்தது. உள்ளங்கையைச் சுற்றிக் கட்டினால் அதிலுள்ள சின்னப் பையில் பேனாவோ ஸ்பூனோ செருகலாம், விரல் பிடிக்க வேண்டாம், மணிக்கட்டும் தோளும் அசைந்தால் போதும். சாப்பிடுவதற்கு மட்டும் கொஞ்சநாள் வைத்திருந்தோம், அப்புறம் அவசரத்தில் நானே ஊட்ட ஆரம்பித்து, பட்டை பீரோவுக்குப் போய்விட்டது.

அந்த மருத்துவமனையைத் தொடங்கக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954ல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் வீல்சேரில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தவர். தம்பிக்கு அந்தக் கதையை அங்கேயே சொன்னார்கள். நான்தான் காதில் வாங்கவில்லைபோல.

புது நோட்டு, கோடு அகலமானது, வாங்கிவந்தேன். முதல் வரி எழுத அவனுக்கு ஏழு நிமிடம் ஆனது. நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. செய்து முடித்த பிறகுதான் எழுத வேண்டும், சுருக்கெழுத்து கூடாது, இரண்டும் அவன் போட்ட விதி.

மே 17, சனி

இரவு அலாரம் கேட்காமல் தூங்கிவிட்டேன். இரண்டு மணிக்கு அவனே கூப்பிட்டு எழுப்பினான், திருப்பிப் படுக்கவைத்துவிட்டு மறுபடி படுத்துவிட்டேன். காலையில் நோட்டைப் பார்த்தால், கோணல்மாணலாக, மேலே ஏறிப் போகும் எழுத்தில்:

‘6.30. உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரி 2 மணிக்கு வலது பக்கம். அண்ணனுக்கு இன்னும் இருமல் இருக்கிறது.’