ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர்

எனக்குச் சர்க்கரை வந்து 11 வருடம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேலம் இறங்கி ரத்தம் கொடுத்துவிட்டு வருவதோடு சரி. யூரின் டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் தட்டிக் கழித்துவிடுவேன். கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 0.9 என்று வந்தால், கிட்னிக்கு ஒன்றும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

போன வருடம், நான் பார்க்கும் மருத்துவமனையில் சர்க்கரைக்காரர்களின் சிறுநீரை ஒரு வருடம் தொடர்ந்து பரிசோதிக்கும் ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். ஒப்புதல் படிவம் தமிழில் 6 பக்கம். ஆராய்ச்சியைக் கவனிக்கும் பெண் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டினார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான வைத்தியத்தில் குறை வராது என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இப்படி விளக்காமல் ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்று யாராவது நீட்டினால் போடாதீர்கள்.

முதலில் காலைச் சிறுநீர். எழுந்ததும் போவதில் ஆரம்பத்தைக் கொஞ்சம் விட்டு, நடுவில் வருவதைச் சின்ன டப்பாவில் பிடிக்க வேண்டும். அதற்காக முந்தின இரவே அம்மாப்பேட்டையில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டேன். ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்த்தார்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது, எனக்கு 86. ரத்தத்தில் தெரிவதற்குப் பல வருடம் முன்பே சிறுநீரில் இது தெரிந்துவிடும் என்றார் டாக்டர். ஆனால் காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், முந்தின நாள் கடும் உழைப்பு இருந்தாலும் ஏறும், ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்ய மாட்டோம் என்றும் சொன்னார். அடுத்த மாதம் 92 வந்த பிறகுதான் உறுதி செய்தார்கள்.

அப்புறம்தான் 24 மணி நேரச் சேகரிப்பு. பெரிய கேன் ஒன்று கொடுத்தார்கள். காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட்டு மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மறுநாள் அதே மணிக்குப் போவது வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர வேண்டும், கேன் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் பால் பக்கத்தில் வைக்க வீட்டுக்காரி சம்மதிக்கவில்லை. குளியலறையில் ஐஸ் போட்ட வாளிக்குள் வைத்தோம்.

மதியம் மூட்டை ஏற்ற லாரி வந்தது. அந்த அவசரத்தில் களத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்துவிட்டேன். இரவு படுத்த பிறகுதான் நினைவு வந்தது. ஒரு தடவைதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று கொஞ்ச நேரம் தோன்றியது. காலையில் ஆராய்ச்சியைக் கவனிக்கும் பெண்ணுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

“சொன்னீங்களே அப்பா, ரொம்ப நன்றி” என்றார் அந்தப் பெண். ஒருவர் உடம்பிலிருந்து ஒரு நாளில் வெளியேறும் கிரியேட்டினின் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்குமாம். அது குறைந்தால் சேகரிப்பு முழுமையில்லை என்று ஓரளவு கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனாலும் ஒரு தடவை விட்டது அதில் பிடிபடாமலும் போகலாம், அப்போது தப்பான எண்ணே ஆராய்ச்சியில் ஏறிவிடும் என்றார்.

புதுக் கேன் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு நகராமல் சேர்த்தேன். திங்கள் காலை மூடியை இறுக்கி, பாலிதீன் சுற்றி, மஞ்சள் பையில் வைத்துக் கட்டி, பஸ்ஸில் இரண்டு கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் கை அந்த மூடியை விட்டு அகலவில்லை. லேபில் அளந்தபோது 1,850 மில்லி. ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்ததில் மனசுக்கு நிறைவாக இருந்தது.

பிரஷர் மாத்திரையாகவும் இந்த ஒழுகலைக் குறைப்பதாகவும் உள்ள டெல்மிசார்ட்டான் எழுதினார் டாக்டர். உப்பைக் குறைத்தேன். ஆராய்ச்சியில் சேர்ந்த 9ஆம் மாதம் ஆல்புமின் 41 வந்தது.

எஸ்டேட்டில் இன்னும் இரண்டு பேருக்கு 7, 8 வருடமாகச் சர்க்கரை. யூரின் டெஸ்ட் பார்த்ததே இல்லை. அடுத்த முறை என்னோடு இறங்குகிறார்கள். தங்கை வீட்டில் மூன்று பாய் போடச் சொல்லியிருக்கிறேன்.