73 பந்து போட்டவரை ஏன் வெளியே எடுத்தார்கள்?

பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல் பெயரை எடுத்தால் போதும், எங்கள் ஆபீஸில் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். எனக்கு எதிர் சீட்டில் இருப்பவர் அறுபதைத் தாண்டிய, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ரசிகர், பிட்சர் நல்லவரா இல்லையா என்பது பார்த்தாலே தெரியும் என்கிற கட்சி. நான் எக்செல் கட்சி.

2020 உலகத் தொடர், அதாவது பேஸ்பாலின் இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம். தோற்றால் ஸ்னெல் ஆடிய ரேஸ் அணியின் கதை முடிந்தது. ஆறாவது இன்னிங்ஸில் 1-0 என்று முன்னிலை, ஸ்னெல் போட்டது வெறும் 73 பந்து, ஒன்பது ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட்), தவறான பந்துகளால் ஒருவருக்கும் இலவசமாக பேஸ் கொடுக்கவில்லை. இரண்டாவது ஹிட் விழுந்தது, அதுவும் ஒரே ஒரு பேஸ் ஓடுகிற சாதாரண சிங்கிள்தான், உடனே ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் பிட்சர் நிற்கும் மவுண்டுக்கு நடந்து வந்து அவரை வெளியே எடுத்துவிட்டார். அடுத்து அடிக்க வரவேண்டியது எதிரணியான டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ். ஒரே ஆட்டத்தில் மூன்றாவது தடவை அதே பிட்சரைப் பார்க்கிற பேட்டர் இன்னும் நன்றாக அடிப்பார் என்று கணக்கு சொல்கிறது, வருஷம் முழுக்க ரேஸ் அந்தக் கணக்கை வைத்துத்தான் ஜெயித்து வந்தது. ஆனால் அன்றைக்கு பெட்ஸ், சீகர், டர்னர் மூன்று பேரும் ஸ்னெல்லிடம் ஆளுக்கு இரண்டு தடவை வந்து, ஆறு தடவையும் ஸ்ட்ரைக் அவுட். ஸ்னெல்லுக்குப் பதில் நிக் ஆண்டர்சன் பந்து போட வந்தார், பெட்ஸ் டபுள் (இரண்டு பேஸ் ஓடும் அடி) அடித்தார், கேட்சருக்குச் சிக்காத ஒரு வைல்ட் பிட்ச், தரையில் உருண்ட ஒரு கிரவுண்டர், டாட்ஜர்ஸ் 2-1. கடைசியில் 3-1, கோப்பை டாட்ஜர்ஸுக்கு.

"உன் கம்ப்யூட்டர் தோற்கடித்தது" என்பார் நண்பர். எனக்கு இதில்தான் எரிச்சல். அதற்கு முன் ஆண்டர்சன் பந்து போட வந்த கடைசி ஆறு ஆட்டத்திலும் ரன் போயிருந்தது. அதுவும் எண்தானே? கேஷ் ஒரு எண்ணை நம்பினார், இன்னொன்றை ஒதுக்கினார், அவ்வளவுதான்.

சரி, கண்ணை நம்பினால் மட்டும் என்ன ஆகிறது? நான் பதிலுக்கு 2003-ஐ எடுப்பேன், அவர் முகம் சுருங்கிவிடும். யாங்கீஸுக்கு எதிராக யாங்கீ ஸ்டேடியம், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் 5-2 முன்னிலை. ரெட் சாக்ஸ் பிட்சர் பெட்ரோ மார்டினெஸ் களைத்துப்போனது ஊருக்கே தெரிந்தது. மேனேஜர் கிரேடி லிட்டில் மவுண்டுக்கு வந்தார், பேசினார், பெட்ரோவை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். 123 பந்து போட்டு பெட்ரோ வெளியே வரும்போது 5-5. பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம் ரன், அதோடு ரெட் சாக்ஸ் தோற்றது. அடுத்த வருஷம் லிட்டிலுக்கு அந்த வேலை இல்லை.

இன்னொரு வேடிக்கை, கண் கட்சிக்காரர்களும் எண்ணைத்தான் பேசுகிறார்கள், ஆனால் பழைய எண்ணை, பிட்சரின் கணக்கில் எழுதும் வெற்றி தோல்வியை. 2010-ல் பிட்சர் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு 13 வெற்றி, 12 தோல்வி. ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கொடுத்த ரன்) 2.27, அமெரிக்கன் லீக்கிலேயே குறைவு. அவருடைய மரைனர்ஸ் அணி அந்த வருஷம் 101 ஆட்டம் தோற்றது, ரன் எடுக்காத அணிக்குப் பிட்சர் என்ன செய்வார்? சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான் போனது. யாங்கீஸ் என்றாலே மூஞ்சியைத் திருப்புகிற நண்பர், இந்த விஷயத்தில் மட்டும் 21 வெற்றி எடுத்த யாங்கீஸின் சபாத்தியாவுக்குக் கொடி பிடிப்பார்.

ஆனாலும் ஒரு நாள் ரெட் சாக்ஸின் ஃபென்வே மைதானத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது இன்னிங்ஸ், போர்டில் பிட்சரின் பந்து வேகம் குறையவே இல்லை. கையில் இருந்த வேர்க்கடலையை உரித்தபடி, "முடிந்தது, கை இறங்குது பார்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பந்து கழித்து இடது பக்கப் பச்சைச் சுவரில் டொம் என்று ஒரு டபுள். வீட்டுக்கு வந்து பந்து கையை விட்டுக் கிளம்பும் உயரத்தைத் தேடிப் பார்த்தேன், இப்போதெல்லாம் கேமரா வைத்து ஒவ்வொரு பந்துக்கும் அளந்து போட்டுவிடுகிறார்களே, அதில் உண்மையாகவே இறங்கியிருந்தது. வேகம் குறையும் முன்னாலேயே! கேமரா அளப்பதை இந்த மனிதர் பத்தாவது வரிசையில் இருந்து, கடலை தின்றுகொண்டே பார்த்திருக்கிறார்.

அன்றிலிருந்து அவர் "முடிந்தது" என்று சொல்லும்போதெல்லாம் செல்போனில் குறித்துக்கொள்கிறேன். பலித்ததை அவர் மறப்பதில்லை, பலிக்காததை எல்லாம் நான்தான் வைத்திருக்கிறேன், பட்டியல் கொஞ்சம் நீளம்தான். அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.