சான்றிதழுக்கு முன்பே தொடங்கிய உதவி

மும்பை மாட்டுங்காவில் ஆங்கில வழிப் பள்ளி ஒன்றில் எங்கள் மகன் இரண்டாம் வகுப்பு படித்தபோது, வாய்மொழியாகக் கேட்டால் சரியாகப் பதில் சொல்பவன் எழுத்தில் மிகவும் தடுமாறுகிறான் என்று குறிப்பு எழுதி, வகுப்பாசிரியை எங்களைப் பள்ளியின் மனநல ஆலோசகரான கவுன்சிலரிடம் அனுப்பினார்.

கவுன்சிலர் முதலில் விசாரித்தது எங்கள் வீட்டு மொழியைப் பற்றித்தான். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும், 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமான மராத்தியும் என்று வளரும் பிள்ளையின் வாசிப்புத் திணறல், மொழிப் பழக்கம் போதாததால் வருகிறதா, கற்றல் குறைபாட்டால் வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும் என்றார். காக்கை, நரி, வடைக் கதையைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாததால் என் மனைவி பக்கத்திலிருந்து விளக்கினார். நரியின் குரலை மாற்றிப் பேசி, நிகழ்ச்சிகளின் வரிசை பிசகாமல் அவன் சொல்லி முடித்தான். ஆனால் அவனுடைய நோட்டில் ‘பிகாஸ்’ என்ற ஆங்கிலச் சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. பிறகு அவர் மருத்துவ அறைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். வயிற்றுவலி என்று அவன் அங்கே போய்ப் படுத்த நாள்கள் பெரும்பாலும் டிக்டேஷன் நாள்களாகவே இருந்தன. இதை நாங்களோ ஆசிரியையோ இணைத்துப் பார்த்திருக்க வழியில்லை.

குறைபாடு இன்னதென்று முடிவு சொல்வது தம் வேலையன்று என்பதையும், அதற்கான சான்றிதழ் 8 வயது நிறைந்த பிறகே கிடைக்கும் என்பதையும் அவர் தெளிவாகச் சொன்னார். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருப்பதோடு, அதைக் கூடிய விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் ஏற்பாடுகளைச் செய்யும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களுக்குத் தந்திருக்கிறது.

அவர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு அவனுக்குப் பாடம் எடுக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் போயிற்று: வகுப்பின் முன்னிலையில் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது, கரும்பலகைக் குறிப்புகளை அச்சிட்டுத் தர வேண்டும், மொழிப்பாடம் அல்லாதவற்றில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது என்று ஓர் ஆசிரியர் தயங்கினார். நியாயமான தயக்கம்தான். கவுன்சிலர் அவருடைய வகுப்பிலேயே போய் உட்கார்ந்து கவனித்து, பிறகு பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சியைச் சிறப்புக் கல்வி ஆசிரியர் தந்தார். டிக்டேஷன் பயத்தைக் கவுன்சிலர் தாமே கவனித்துக்கொண்டார்.

வயது நிறைந்ததும் பள்ளியின் கடிதம், மதிப்பெண் அட்டைகள், பழைய நோட்டுகள் ஆகியவற்றுடன் சயான் மருத்துவமனைக்குச் சென்றோம். கண், செவிப் பரிசோதனைகள், நுண்ணறிவுச் சோதனை, வாசிப்பு, எழுத்து, கணக்கு மதிப்பீடு என்று படிப்படியாக நடந்து சான்றிதழ் கிடைத்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு இந்தச் சான்றிதழ் அவசியம். தொடக்க வகுப்பிலோ தேர்வை நடத்துவது பள்ளியே என்பதால், எங்களுக்கு அதிகம் பயன்பட்டது அந்த ஒரு பக்கம்தான்.

ஜூன் மாதத்தில் வகுப்பாசிரியர் மாறும்போதெல்லாம், முதல் வாரத்திலேயே சந்திப்புக்கு நேரம் கேட்டு அந்தக் குறிப்பைப் புதுப்பித்துக்கொள்கிறோம். நகல் ஒன்று எங்களிடமும் இருக்கிறது. கவுன்சிலர் வேறு பள்ளிக்குப் போய்விட்ட ஆண்டில், அதைக் காட்டித்தான் புதியவரிடம் பேச்சைத் தொடங்கினோம்.