தாத்தாவின் காசுத் தூக்கு யாருக்கு?

அப்பா காலமாகி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. வீடு, நகை, பேங்க் டெபாசிட் எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது. கடைசிவரை யாரும் கை வைக்காமல் பீரோவின் அடித்தட்டிலேயே இருந்தது தாத்தாவின் பித்தளைத் தூக்கு மட்டும்தான். உள்ளே சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களில் பழைய காசுகள், பக்கத்தில் நூல் கட்டிய ஒரு நீளக் கணக்கு நோட்டு. இதை என்ன செய்வது என்று நானும் தம்பியும் முடிவெடுக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் பாதி, கேட்க வேண்டிய ஆளைக் கேட்காமலே போனது.

தாத்தாவுக்குக் கும்பகோணத்தில் சின்னதாக ஒரு பாத்திரக்கடை. பழைய செம்பையும் பித்தளையையும் எடைக்கு எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுப்பார்கள் அல்லவா, அந்த வியாபாரம். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் நசுங்கிய குடம், ஓட்டைச் செம்பு இவற்றோடு, வீட்டில் எந்தக் காலத்திலிருந்தோ கிடந்த செப்புக் காசுகளையும் தராசில் போடுவார்களாம். அதெல்லாம் பட்டறைக்குப் போய் மூசையில் உருகி, அடுத்த மாதம் குத்துவிளக்காக வந்து நிற்கும். தாத்தா மட்டும் காசுகளைத் தனியாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அந்த எடைக்கு உண்டான பணத்தைத் தன் கையிலிருந்து கல்லாவில் போட்டுவிடுவார். அப்படித்தான் சேர்ந்தது. வசதிக்குச் சேர்த்ததோ, லாபத்துக்குச் சேர்த்ததோ இல்லை.

பொட்டலங்களைப் பிரித்து முதல் தடவை எண்ணியபோது வெள்ளி ரூபாய் 62 இருந்தது, செப்புக் காசு 200-க்கு மேல், அப்புறம் ஓட்டைக் காலணா ஒரு கயிறு நிறையக் கோத்தது, நயா பைசா ஒரு கைப்பிடி. வெள்ளி ரூபாயை ஒரே வரிசையாக அடுக்கினால் ஒரு சரித்திரமே ஓடும். பழைய ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பங்கு வெள்ளி. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், 1940-லிருந்து, வெள்ளி நூற்றுக்கு 50 பங்காகக் குறைந்துவிட்டது. 1947-இல் வந்த புலி போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது, வெறும் நிக்கல். செம்பை மிச்சம் பிடிக்கக் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டதும் அதே சண்டைக் காலத்தில்தான். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய் ஒன்றை அப்பா எங்களுக்கு லென்ஸ் வைத்துக் காட்டுவார். ராஜாவின் மார்பில் தொங்கும் பதக்கத்தில் ஒரு யானை இருக்கும். அது பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடமே யானையைத் திருத்திப் புது அச்சுப் போட்டார்கள். எனக்குப் பத்து வயதில் அந்தக் காசைப் பார்க்க ராத்திரியெல்லாம் கெஞ்சியிருக்கிறேன்.

அதே பத்து வயதில்தான், சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், காசெல்லாம் கறுத்துக் கிடக்கிறதே என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்தேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அந்தக் காசுகளை ரொம்ப நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் அந்தப் பதினோரு காசுகளை மட்டும் தனியாக அடையாளம் தெரியும். மேலே இருந்த பச்சையும் கறுப்பும் போனதோடு, தேய்ந்து நின்ற எழுத்தும் போய்விட்டது. உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் போடாதீர்கள். கறுப்பாகவே இருக்கட்டும்.

சரி, முடிவு விஷயத்துக்கு வருகிறேன். தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். "அக்கா, ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம், நான் ஜனவரியில வரும்போது என் பங்கைக் கொண்டு போயிடறேன்" என்றான். அவன் மூத்த பையனுக்குப் பன்னிரண்டு வயது, வீடியோ காலில் புலி ரூபாயைப் பார்த்துவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் விசாரித்துப் பார்த்தபோது, நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும், தனி ஆள் அதை வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது என்று தெரிந்தது. சொந்தத் தாத்தாவின் காசு என்றாலும் அப்படித்தான். நம் ஊரில் எத்தனை பேர் இது தெரியாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போகிறார்களோ!

நடுவில் விலை கேட்கும் படலம் வேறு. சொந்தத்தில் ஒருவர் வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே கமிஷன் கேட்டு ஏமாற்றுகிறார்கள், நம்பாதீர்கள் என்று அந்த வங்கியே 2021-இல் அறிக்கை விட்டிருக்கிறது, அதை அவருக்குத் திருப்பி அனுப்பினேன். நிஜமாகக் காசு வாங்கி விற்கும் ஒருவரிடம் காட்டியபோது, வெள்ளி ரூபாய்க்கு அன்றைய வெள்ளி விலைக்குப் பக்கத்தில்தான் சொன்னார். செப்புக் காசுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் நிறைய ராஜராஜன் காசு, ஊரெல்லாம் கிடைப்பது, பெரிய விலை இல்லை என்றார். ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள், அவர் பக்கத்தில் நாகரியில் ஸ்ரீ ராஜராஜ என்ற எழுத்து. ஆயிரம் வருடத்துக் காசை அவர் அப்படிச் சொன்னதும் மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சந்தை நிலவரம், அதில் தப்பில்லை.

அன்று ராத்திரிதான் நோட்டைப் பொறுமையாக முதலிலிருந்து படித்தேன். "22-6-61. நாச்சியார்கோவில் ஆசாமி. பழைய செம்புக் குடம் 2. உள்ளே காசு 6. நான்கு ராஜராஜன், ஒன்று மீன், ஒன்று தெரியவில்லை." "9-11-63. தரங்கம்பாடி மீன்காரம்மா. சின்னக் காசு 3, கிரீடமும் எழுத்தும் உள்ளது. டேனிஷ்காரன் காசு என்று வாத்தியார் சொன்னார்." இப்படிப் பக்கம் பக்கமாக. எல்லாப் பொட்டலத்தின் மேலும் இருந்த நம்பர் இந்த நோட்டில் இருக்கும் நம்பர்தான். காசை மட்டும் பார்த்தால் பெரிய விலை இல்லாதது. இந்த வரியோடு சேர்த்துப் பார்த்தால், எந்த ஊரிலிருந்து, யார் கையிலிருந்து, எதனுடன் வந்தது என்று தெரிகிற காசு.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். 1967 வைகாசி வரைக்கும் உருண்டையான, கோடு தவறாத எழுத்து. அதற்கப்புறம் சாய்ந்த, அவசரமான எழுத்து. சாய்ந்தது தாத்தாவுடையது, கடைக் கணக்கில் பார்த்திருக்கிறேன். முதல் எழுத்தும் அவருடைய இளவயது எழுத்து என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். 1967 வைகாசியில் நடந்தது என் அத்தையின் கல்யாணம்.

மாயவரத்துக்குப் போன் போட்டேன். அத்தைக்கு 78 வயது.

"அத்தை, தாத்தாவோட காசு நோட்டுல முதல் பாதி யார் எழுத்து?"

"ஏண்டி, என் எழுத்துதான். ராத்திரி சாப்பிட்டுட்டுக் கூடத்துல உக்காந்து அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். உங்கப்பன் அப்போ பொடியன், மடியிலயே தூங்கிடுவான்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே அத்தை?"

"யாரு கேட்டா?"

அந்த இரண்டு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. தாத்தா 1986-இல் உயில் எழுதாமல் காலமானார், பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். தாத்தா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதாவது அந்தத் தூக்கில் பாதி 1986-லிருந்தே அத்தையுடையது. அப்பா கெட்ட எண்ணத்தில் வைத்துக்கொள்ளவில்லை, பையன் வீட்டில் இருந்தது, அப்படியே இருந்துவிட்டது. ஆனால் நானும் தம்பியும் ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டிருந்தது எங்களுடையதே இல்லாத பாதியையும் சேர்த்துத்தான். தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத்தை சொல்றபடி செய்யலாம் அக்கா" என்றான்.

தூக்கை எடுத்துக்கொண்டு மாயவரம் போனேன். அத்தை அதிகம் யோசிக்கவே இல்லை. "வெள்ளியப் பிரிச்சுக்கங்க, அது வெள்ளிதானே. என் பங்கு எனக்குக் குடு, விக்கறதா வச்சுக்கறதான்னு நான் பாத்துக்கறேன். செம்பைப் பிரிக்காதே. பிரிச்சா நோட்டு எதுக்கு?" என்றார். எட்டு மாதம் நாங்கள் குழம்பியதை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

அதன்படி வெள்ளி ரூபாய் அத்தைக்கு 31, எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பதினைந்து. தம்பியின் பதினைந்தில் நாற்பதுகளில் அச்சடித்த ஒன்பது காசையும் வைத்துவிட்டோம், அவற்றுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. புலி ரூபாயும் ஓட்டைக் காலணாக் கயிறும்கூட அவன் பையனுக்குத்தான். தொல்பொருள் துறையில் இவையெல்லாம் தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். மீதி ஆறு என் லாக்கரில் அவன் பெயர் எழுதிய கவரில் இருக்கிறது. 62-இல் மிஞ்சிய ஒன்று அந்த 1911 ரூபாய், அதைச் செம்போடு சேர்த்துவிட்டோம்.

செப்புக் காசும் நோட்டும் என்னிடம் இருக்கும். எனக்குப் பிறகு அத்தையின் பேத்தியிடம் போகும். பிளஸ் டூ படிக்கிறாள். நாங்கள் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள்தான் தரையில் உட்கார்ந்து நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, பொட்டல நம்பரோடு சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிற்காலத்தில் வேண்டாம் என்று தோன்றினால் தனித்தனியாக விற்காமல் நோட்டோடு எழும்பூர் அருங்காட்சியகத்தில் கேட்டுக் கொடுத்துவிட வேண்டும். இதை வாய்ப்பேச்சாக விடவில்லை. அத்தை, தம்பி, நான் மூன்று பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், நானும் அத்தையும் அவரவர் உயிலிலும் சேர்த்தோம். உயிலுக்கு முத்திரைத்தாள்கூட வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டு, அந்தச் சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் போதும், பதிவு செய்வதும் கட்டாயமில்லை. லாக்கருக்கு நாமினி போட்டிருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி லாக்கரைத் திறக்கலாம், உள்ளே இருப்பது சட்டப்படி வாரிசுகளுடையது.

சரிபார்த்ததில் ஏழு பொட்டலத்துக்கு மட்டும் நோட்டில் வரி இல்லை. நம்பர் இருக்கிறது, காசு இருக்கிறது, குறிப்பு இல்லை. அத்தைக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன். அது முடிந்து பார்வை தெளிந்ததும் ஏழையும் கொண்டு வா, பார்த்தால் ஞாபகம் வரும் என்றிருக்கிறார். தை பிறந்ததும் போகிறேன்.