மோடத்தை அணைத்துப் போடுவதற்கு முன்

இணைய இணைப்பு ஒரேயடியாகப் படுத்துவிட்டால் அதிலும் ஒரு வசதி உண்டு. புகார் எண்ணை அழைக்கலாம், விளக்கு எரியவில்லை என்று சொல்லலாம், ஆள் வருவார். விட்டு விட்டு வரும் இணைப்புதான் ஆளைப் படுத்தி எடுக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் சில மாதங்களாக அப்படித்தான் நடந்துவந்தது. பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் இணையம், மாலை ஏழு மணிக்கு மேல், சென்னையில் இருப்பவர்கள் படுக்கப் போவதற்கு முன் இரண்டு வார்த்தை பேசிவிடலாம் என்று வீடியோ அழைப்பில் உட்காரும் நேரமாகப் பார்த்து, இரண்டு மூன்று நிமிடம் காணாமல் போய்விட்டுத் தானாகவே திரும்பிவரும். சேவை மையத்தில் இசை கேட்டுக் காத்திருந்து ஆள் கிடைக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். ‘எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் லைன் நன்றாகத்தான் இருக்கிறது’ என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

இதற்கு ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். இதே இணைப்பைப் பகிர்ந்துகொண்டு கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவும் அதையேதான் சொன்னார்: “தம்பி, அந்தப் பெட்டியை அணைச்சுப் போடுங்க, வந்துரும்.” வரத்தான் செய்கிறது. ஆனால் ரூட்டரை அணைத்துப் போடும்போது ஒரே நேரத்தில் பல காரியங்கள் நடந்துவிடுகின்றன: நிரம்பிப்போன நினைவகம் காலியாகிறது, சேவை நிறுவனத்துடனான இணைப்பு புதிதாகத் தொடங்குகிறது, வை-ஃபை வேறொரு சேனலுக்கு மாறக்கூடும், சூடேறிய பெட்டி சற்று ஆறுகிறது. இவற்றில் எது பலித்தது என்று தெரிய வழியில்லை. போதாக்குறைக்கு, பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் நிகழ்வுப் பதிவேடு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும் என்பதால், மின்சாரத்தை நிறுத்திய கையோடு அதுவரை சேர்ந்திருந்த தடயமும் போய்விடுகிறது. ஆகவே அணைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டு எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் வீட்டு ஃபைபர் இணைப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தொல்லை அந்த அமைப்பிலேயே இருக்கிறது. தெருவில் பள்ளம் தோண்டிக் கேபிள் போட்டவர் ஒருவர். அதன் வழியே நமக்கு இணையத்தை விற்று மாதாமாதம் பணம் வாங்குபவர் வேறொருவர். சுவரில் பொருத்தியிருக்கும் ஓஎன்டி பெட்டி, அதாவது ஃபைபரில் வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றித் தரும் பெட்டி, கேபிள்காரருடையது. அதிலிருந்து குட்டைக் கேபிள் வழியாக இணையும் வை-ஃபை ரூட்டரை இணையம் விற்பவர் கொடுத்திருப்பார், அல்லது நாமே வாங்கியிருப்போம். பேச்சுவழக்கில் இரண்டையும் சேர்த்து மோடம் என்றே சொல்லிவிடுகிறோம். பழுதென்று சொன்னால் இவர் அவரைக் காட்டுவார், அவர் நம் ரூட்டரைக் காட்டுவார். கோளாறு எந்தத் துண்டில் இருக்கிறது என்பதை நாமே ஆதாரத்தோடு சொல்லாதவரை இந்தச் சுற்று ஓயாது.

முதலில் சுவர்ப் பெட்டியின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். பான் என்று குறித்த விளக்கு சிமிட்டாமல் எரிந்தால் ஃபைபரில் ஒளி வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. அப்போது ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, கேபிள்காரரைத்தான் அழைக்க வேண்டும். ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்க அனுமதி இருந்தால், உள்ளே வரும் ஒளியின் வலிமை பொதுவாக -8 முதல் -27 டிபிஎம் வரைக்குள் இருக்க வேண்டும். -27-ஐ ஒட்டித் தள்ளாடுகிறது என்றால், சோபாவுக்குப் பின்னால் யாராவது அந்த மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளைக் கம்பியை மடக்கி நசுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் இணையம் போன நேரங்களிலும் பான் விளக்கு அசையாமல் பச்சையாகவே எரிந்தது. அத்துடன் தெருவும் கேபிள்காரரும் கணக்கிலிருந்து நீங்கினார்கள்.

அடுத்தது பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. மடிக்கணினியை ஈதர்நெட் கேபிளால் ரூட்டரில் நேராகச் செருகி, இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1), மற்றொன்றில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போன்ற வெளி முகவரிக்கும் இடைவிடாமல் பிங் ஓடவிட வேண்டும். வெளி முகவரி மட்டும் பதில் சொல்லாமல் ரூட்டர் பதில் சொன்னால் கோளாறு ரூட்டரைத் தாண்டி இருக்கிறது. கேபிள் வழியில் எல்லாம் ஒழுங்காக ஓடி, கைப்பேசியில் மட்டும் தடுமாறினால் அது வை-ஃபை விவகாரம். எங்களுடையதைப் போலப் பொதுச்சுவர் வைத்துக் கட்டிய இரட்டை வீடுகளில் பக்கத்து வீட்டு ரூட்டரும் நம்முடையதும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரே சேனலில் மோதிக்கொள்வது சாதாரணம், 1, 6, 11 ஆகியவற்றில் காலியாக இருப்பதற்கு மாற்றினாலோ 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனாலோ தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் நடந்தது இரண்டும் இல்லை. இணையம் போன கணத்தில் ரூட்டரே பதில் சொல்வதை நிறுத்திவிட்டது, அதுவும் கேபிள் வழியில்.

பதில் சொல்லாத ரூட்டர் எழுந்து வந்ததும் பார்க்க வேண்டிய இடம், அதன் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கால அளவுகள். யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை, சேவை மையத்தில் கேட்பதும் இல்லை. என்னைக் கேட்டால் வீட்டு இணையக் கோளாறுகளில் இதைவிடப் பயனுள்ள தகவல் கிடையாது. ஒன்று, ரூட்டர் இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பது. மற்றொன்று, வெளி இணைப்பு கிடைத்து எவ்வளவு நேரமாயிற்று என்பது. முதலாவது பல நாட்களைக் காட்டி, இரண்டாவது சில நிமிடங்களை மட்டும் காட்டினால், ரூட்டர் விழித்தே இருந்திருக்கிறது, லைன்தான் அறுந்து மறுபடி ஒட்டியிருக்கிறது. புகாரைத் தாராளமாக இணையம் விற்பவரிடம் கொண்டுபோகலாம். இரண்டுமே சில நிமிடங்களைக் காட்டினால், யாரும் தொடாமலேயே ரூட்டர் அணைந்து எழுந்திருக்கிறது. எங்கள் ரூட்டரில் இரண்டும் ஐந்து நிமிடத்துக்குள் இருந்தன. பதிவேட்டைத் திறந்தால் முதல் வரியில் 1970 ஜனவரி 1 என்று தேதி போட்டிருந்தது. இந்தப் பெட்டிகளுக்குள் நேரத்தைக் காத்துவைக்கும் பேட்டரி இல்லாததால், ஒவ்வொரு முறை எழும்போதும் இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கும்வரை இவை 1970-இல்தான் வாழ்கின்றன. அந்தத் தேதியைப் பார்த்தபின் சந்தேகத்துக்கு இடமே இல்லை. காணாமல் போகும் இரண்டு மூன்று நிமிடமும், ரூட்டர் முழுதாக எழுந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான்.

ரூட்டர் தானாக எழுந்து விழுவதற்குச் சூடும் மென்பொருளும் காரணமாகலாம் என்றாலும், பழைய பெட்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது சுவரில் செருகியிருக்கும் அடாப்டரைத்தான். அதற்குள் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் மின்பகு கெபாசிட்டர்கள் சூட்டில் மெல்ல மெல்ல உலர்ந்துபோகக் கூடியவை. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. டர்பனின் கோடைப் புழுக்கத்தில், டிவி மேசைக்குப் பின்னால், காற்றோட்டமில்லாத மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் அடாப்டருக்கு இந்த நாட்டின் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023-இல் ஒரே நாளில் பலமுறை மின்சாரம் போய்ப் போய் வந்தது. திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் தெரு முழுவதும் கீசரும் குளிர்பதனப் பெட்டியும் ஒன்றாக விழித்துக்கொள்ள, மின்னழுத்தம் ஏறி இறங்கிய பிறகே நிலைக்கும். 2024 மார்ச் இறுதி முதல் பல மாதங்கள் தொடர்ந்து லோட் ஷெடிங் இல்லாமல் ஓடியது உண்மை. ஆனால் அதற்குள் பட்ட அடி அடாப்டருக்குள் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். அடாப்டரைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் நல்லதாகவே காட்டும். எங்களுடையதில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. வெறுமனே அளந்தபோது 12.1 வோல்ட் என்று திரையில் அசையாமல் நின்றது. ஒரு குழாயை மட்டும் திறந்தால் தண்ணீர் பீறிட்டு வரும் வீட்டில், எல்லாக் குழாயையும் திறந்தால்தானே தொட்டியின் லட்சணம் தெரியும். சுமை ஏற்றி அளக்க வேண்டும். அதற்குச் சிசிடிவி கேமரா விற்கும் கடைகளில் ஒரு முனை இரண்டாகப் பிரியும் மின்கம்பி மலிவாகக் கிடைக்கிறது. அடாப்டரை அதில் செருகி, பிரிந்த ஒரு முனையை ரூட்டருக்குக் கொடுத்து, மற்றொரு முனையில் மீட்டரின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். ரூட்டர் சும்மா இருந்தபோது 11.6. வீட்டுக்கார அம்மா தொடரை ஓடவிட்டார், அவருடைய பேரன் விளையாட்டில் இறங்கினான், நான் கைப்பேசியில் பெரிய கோப்பொன்றை இறக்கத் தொடங்கினேன். எண் 11.2-க்கு இறங்கி, 10.8-க்கும் 11-க்கும் நடுவே நடுங்க ஆரம்பித்தது. சட்டென்று பத்துக்குக் கீழே போன கணத்தில் ரூட்டரின் எல்லா விளக்குகளும் ஒருசேர எரிந்து அணைந்தன. மாலை ஏழு மணியின் மர்மம் இவ்வளவுதான். அந்த நேரத்தில்தான் வீட்டில் எல்லோரும் இணையத்தில் இருக்கிறார்கள், இரண்டு வை-ஃபை அலைவரிசைகளும் முழுமூச்சாக வேலை செய்கின்றன, ரூட்டர் அதிக மின்னோட்டம் கேட்கிறது, சோர்ந்துபோன அடாப்டரால் கொடுக்க முடிவதில்லை.

மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் கண்டிப்பாக அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதிகமாக இருக்கலாம், குறையக்கூடாது. முனையின் பருமனையும், நடுவில் நேர்மின் என்று காட்டும் சிறு படத்தையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். நான் 12 வோல்ட், 2 ஆம்பியர் வாங்கினேன். இந்தியாவிலிருந்து வந்த பழைய அடாப்டர் கையிலிருந்தால் அதையும் பயன்படுத்தலாம், 220 வோல்ட் வரை தாங்கும் வகையாக இருந்தால் போதும் என்று நினைக்காமல் 230-ம் அதற்கு மேலும் தாங்குமா என்று அதன் முதுகில் படித்துவிடுவது நல்லது. இங்குள்ள பெரிய மூன்று உருண்டை முள் பிளக் நம் ஊர் 15 ஆம்பியர் பிளக்கேதான், 6 ஆம்பியர் முள்ளுக்கு மட்டும் இடைச்செருகி வேண்டும்.

மின்வெட்டுக்காக இங்கே பலரும் வாங்கும் சிறிய யுபிஎஸ் பற்றியும் கேட்கிறார்கள். பெட்டியில் 8,800 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. பெருக்கினால் ஏறத்தாழ 32 வாட்-மணி வரும். ஓஎன்டியும் ரூட்டரும் சேர்ந்து 12 வாட் இழுத்தால், மாற்றத்தில் வீணாவது போக இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். விளம்பரத்தில் எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். ஓஎன்டியையும் சேர்த்தே அதில் இணைக்க வேண்டும். ரூட்டரை மட்டும் இணைத்துவிட்டு, விளக்கெல்லாம் எரிகிறது, இணையம் மட்டும் வரவில்லை என்று திகைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடாப்டரை மாற்றியதும் மாலை வெட்டுகள் நின்றன. சென்னை அழைப்பு சில நாட்களில் மந்தமாக இருப்பது வேறு விஷயம். அதற்கும் பெட்டிக்கும் தொடர்பில்லை. டர்பனிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர்; ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுவதால், போய்வர 70 மில்லிநொடிக்குக் குறைய வழியே இல்லை. லண்டன் வழியாகச் சுற்றிப் போகும் நாளில் அது 300-ஐ ஒட்டி நிற்கும். இத்தனைக்கும் நம் வடக்குக் கரையிலுள்ள மதுன்சினியில் கரையேறும் சேஃப் கேபிள் ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. 2009-இல் தொடங்கிய சீகாம் கேபிளும் அங்கிருந்துதான் மும்பையைத் தொடுகிறது. 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் கடற்பகுதியில் நான்கு கேபிள்களும், மே மாதத்தில் இங்கே கிழக்குக் கடலில் ஈஸி, சீகாம் இரண்டும் பழுதானபோது வீட்டு ரூட்டரை அணைத்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ. செய்தி எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து போகிறது என்று வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டிப் பார்த்து, முதல் சில கட்டங்கள் வேகமாகவும் அதற்கப்பால் திடீர் தாவலும் தெரிந்தால், பொறுத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

புது அடாப்டரோடு பழைய ரூட்டர் இன்னும் சில காலம் ஓடும்தான். ஆனாலும் அதற்கான மென்பொருள் புதுப்பிப்புகளைத் தயாரிப்பாளர் எப்போதோ நிறுத்திவிட்டதால், பாதுகாப்பை நினைத்து மாற்றிவிடலாம் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வாங்குவதாக ஏற்பாடு. பழையதை யாரிடமாவது கொடுப்பதற்கு முன், பின்புறத் துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் வீட்டு வை-ஃபை சொல்லும் அதுவரை அதற்குள்ளேயேதான் இருக்கும்.