அம்பரில் நிற்கிறவர்கள்

ஜனவரி 5, 2026, திங்கள்

வேலைக்குச் சேர்கிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் சிஸ்டத்தை மாற்றும் தேதிகள் முடிவாகிவிட்டன. பிப்ரவரி முழுக்கப் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். மார்ச் 2 முதல் புதியது மட்டும். மார்ச் 31-ல் பழைய வெண்டரின் ஒப்பந்தம் முடிகிறது, அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று ஃபைனான்ஸ் சொல்லிவிட்டது. ஏபிஐ இணைப்பு, டேட்டா மாற்றம், பயிற்சி என்று ஷீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. ஆஃபர் வாங்கி, இருந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை. நாளை நானே சேர்க்கிறேன்.

ஜனவரி 7, புதன்

பழைய வெண்டரிடமிருந்து டேட்டா வந்தது. 'கடைசிப் பெயர்' கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் நம் ஆட்கள் அங்கே என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். வெறும் புள்ளி. இனிஷியல். அப்பா பெயர் முழுசாக. சிலர் சொந்தப் பெயரையே இரண்டாவது தடவை. ஒரே ஆள் ஆதாரில் குமார் ஆர், பத்தாவது மார்க்‌ஷீட்டில் ஆர். குமார், பாஸ்போர்ட்டில் குமார் ராமசாமி. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்களின் கதை தனி. புதிய சிஸ்டம் இவர்களை எல்லாம் வேறு வேறு ஆளாகப் படிக்கிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்து வைத்துக்கொள்கிற ஊரில் யோசித்த கட்டங்கள் இவை. தமிழ்நாட்டில் பாதிப் பேர் இந்தக் கட்டத்துக்குள் அடங்க மாட்டார்கள்.

ஜனவரி 8, வியாழன்

தென்காசிப் பையன் இன்னும் அம்பர். ரிப்போர்ட்டில் பச்சை என்றால் சரி, அம்பர் என்றால் சந்தேகம்.

ஜனவரி 12, திங்கள்

அவன் ரிப்போர்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். படிப்பு பச்சை. முந்தைய வேலை பச்சை. முகவரி பச்சை. கோர்ட் ரெக்கார்டு தேடலில் மட்டும் 'சாத்தியமான பொருத்தம்'. அடிதடி வழக்கு, 2009. பெயர் பொருந்துகிறது, அப்பா பெயர் பொருந்துகிறது, மாவட்டம் திருநெல்வேலி. பிறந்த தேதி இல்லை, கதவு எண் இல்லை.

அந்தப் பக்கத்தில் குலதெய்வத்தின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். இசக்கி, சுடலை, மாடசாமி. ஒரு தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து தலை எட்டிப் பார்க்கும். தாத்தா பெயர் பேரனுக்குப் போகும். பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே இன்னொருவருடன் பொருந்துவது அங்கே அதிசயமே இல்லை.

2009-ல் இந்தப் பையனுக்கு எட்டு வயது. அவன் பிறந்த தேதி ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கோர்ட் ஒவ்வொரு வழக்குக்கும் தரும் சி.என்.ஆர். எண்ணில் மொத்தம் 16 எழுத்தும் எண்ணும்; கடைசி நான்கு இலக்கம் வருடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. யாரும் பார்க்கவில்லை. அம்பர் என்று விழுந்ததும் ஃபைல் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. மெயில் போட்டால், வெண்டரின் வக்கீல் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் நிறம் மாற்ற முடியும் என்று பதில் வருகிறது.

ஜனவரி 14, புதன், போகி

அவனுடைய நோட்டீஸ் பீரியட் இன்றோடு முடிகிறது. வக்கீல் பொங்கல் லீவு முடிந்துதான் வருவாராம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் வைத்து முடித்து உட்கார்ந்த நேரத்தில் போன்.

"மேடம், லீவு நாள்ல தொந்தரவு பண்றேன். ரிஜெக்ட்னா ரிஜெக்ட்னு சொல்லிடுங்க மேடம், வேற பாத்துக்கிறேன்."

"ரிஜெக்ட் இல்ல தம்பி."

"அப்புறம் என்ன மேடம் பிரச்சினை?"

அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவனைப் பற்றிய விஷயம் வெண்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கிளையண்டுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இந்த ஒன்றை மாற்றாமல் சிஸ்டத்தை மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம்?

ஜனவரி 20, செவ்வாய்

பச்சை. வக்கீல் தீர்ப்பு நகலைப் பார்த்திருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அப்போதே வயது நாற்பதுக்கு மேல். ஆனால் கிளையண்ட் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. இன்னொரு புராஜெக்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 21, புதன்

புதிய பிளாட்பார்மின் டெமோ. நன்றாகத்தான் இருக்கிறது. ஆள் சம்மதித்து யுஏஎன் என்ற பி.எஃப். எண்ணைக் கொடுத்தால் வருங்கால வைப்பு நிதி அமைப்பான இபிஎஃப்ஓ-வில் பதிவான வேலை வரலாறு வந்து விழுகிறது: எந்தக் கம்பெனி, எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார். டிஜிலாக்கரில் இருக்கும் மார்க்‌ஷீட்டை வழங்கியவர்களிடமிருந்தே எடுக்கலாம். சரிபார்ப்புக் கட்டணத்துக்கு டிடி எடுத்து அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மூடிப்போன கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் பெரிய நிம்மதி. போன் எடுக்க அங்கே ஆள் இல்லை என்பதற்காக இனி 'சரிபார்க்க இயலவில்லை' என்று எழுத வேண்டியதில்லை. சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் வருமான வரிப் படிவம் 26ஏஎஸ்-ல் கம்பெனி பெயரோடு இருக்கும்.

ஆதார் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகவிடாத ஒரு திரை இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் ஆதார் தீர்ப்புக்குப் பிறகு தனியார் கம்பெனி அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எல்லாவற்றுக்கும் வழி வேண்டும் என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

முகவரியில் இடித்தது. பழைய எண் 14, புதிய எண் 31 என்று எழுதும் சென்னைக்காரர்களுக்கு எந்த எண் சரி? 2019-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது காஞ்சிபுரத்தில் இருந்தவர்கள் செங்கல்பட்டுக்கும், திருநெல்வேலியில் இருந்தவர்கள் தென்காசிக்கும் வந்தார்கள். வீடு நகரவில்லை. பழைய ரேஷன் கார்டையும் புதிய ஆதாரையும் வைத்துப் பார்த்தால் மெஷின் 'முரண்பாடு' என்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

ஒப்புதல் பக்கம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். "2027 வரைக்கும் டைம் இருக்கே அக்கா" என்கிறாள் என் டீம் பெண். மார்ச்சில் உள்ளே வருகிறவர்கள் 2027 வரை புரியாமல் கையெழுத்துப் போட வேண்டுமா?

தமிழை நானே எழுதினேன். அதில் இரண்டு வரி:

"உங்கள் பெயரில் நீதிமன்ற வழக்கு ஏதும் இருக்கிறதா என்று தேடுவோம். ஏதாவது கிடைத்தால், முடிவெடுக்கும் முன் அதை உங்களிடம் காட்டி விளக்கம் கேட்போம்."

ஜனவரி 27, செவ்வாய்

லீகல் இரண்டாவது வரியை அடித்துவிட்டது.

"எழுதிட்டா கட்டாயம் கேட்டே ஆகணும் மேடம்."

"கேட்கணும்னுதான் சார் எழுதினேன்."

ஜனவரி 30, வெள்ளி

பெயர் மட்டும் பொருந்தினால் நிறம் மாறக் கூடாது. அப்பா பெயரும் சேர்ந்து பொருந்தினால்கூடப் போதாது. வயதோ முகவரியோ இன்னொன்று வேண்டும். வழக்கு நடந்தபோது ஆள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றால் மெஷினே அதை ஒதுக்க வேண்டும். மற்றதை ஒரு மனிதர் படித்துக் கீழே தன் பெயரைப் போட வேண்டும். இந்த விதிகளைப் புதிய வெண்டரிடம் வைத்தேன். டேர்ன்-அரவுண்ட் நேரம், அதாவது ரிப்போர்ட் தர ஆகும் நேரம், கூடும் என்கிறார்கள். கூடட்டும். தப்பான அம்பரால் ஒருவருக்குப் போகும் வாரங்களை யாரும் அந்த நேரத்தில் சேர்ப்பதில்லை.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவை லீகலுக்கு அனுப்பினேன். ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தகவல் முழுமையாகவும் சரியாகவும் இருப்பது கம்பெனியின் பொறுப்பு. வெண்டர் வைத்து வேலை செய்தாலும் பொறுப்பு நம்முடையதுதான்.

பிப்ரவரி 2, திங்கள்

தென்காசி சேர்ந்துவிட்டான்! சட்டை மடிப்புக் கலையாமல் ரிசப்ஷனில் நின்றான். பேட்ஜ் போட்டோவுக்கு இரண்டு தடவை கண்ணை மூடிவிட்டான்.

பிப்ரவரி 4, புதன்

ஒரே ஃபைல்கள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. படிப்பும் வேலையும் ஒத்துப்போகின்றன. கோர்ட் தேடலில் இல்லை. புதியது லட்சுமியைத் தேடினால் லெட்சுமி, லக்ஷ்மி எல்லாவற்றையும் அள்ளி வருகிறது. நான் கேட்ட விதிகள் இன்னும் ஏற்றப்படவில்லை. அதற்கான ஸ்பிரிண்ட் அடுத்த வாரமாம்.

பிப்ரவரி 9, திங்கள்

பழைய வெண்டரிடம் கிடக்கும் ஆதார் நகல்கள். மறைக்காமல், எண் முழுக்கத் தெரிகிற ஸ்கேன்கள். அழித்ததற்கு எழுத்தில் சான்று கேட்டேன், பேக்கப் உட்பட. "பேக்கப் எங்க பாலிசி" என்று பதில். அது அவர்கள் பாலிசி, ஆனால் அதில் இருக்கிற முகங்கள் என் ஆட்களுடையவை. கடைசி இன்வாய்ஸை நிறுத்திவைக்கச் சொல்லி ஃபைனான்ஸுக்கு எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தலைவலி. லீவு போடவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

விதிகள் டெஸ்ட் சர்வரில் ஏறிவிட்டன. தென்காசி ஃபைலை முதலில் ஓட்டினேன். பச்சை, கீழே பார்த்தவர் பெயருடன்.

இன்று அம்பரில் இன்னொருவர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். வழக்கு எண்ணைக் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். அந்த இரண்டாவது வரியைப் பற்றி லீகல் திங்களன்று பதில் சொல்லுமாம். டெவலப்பர் ஒப்புதல் பக்கத்தைக் கேட்டு மூன்றாவது தடவை பிங் செய்துவிட்டார். இரண்டு வரியும் இருக்கிற பிரதியைத்தான் அனுப்பினேன்.